ரோமாபுரி வரை போன குடுமிப்பிடிச் சண்டை

மதுரையில் டவுன் பஸ் ஏறினால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்காதீர்கள். பஸ்ஸுக்கு உள்ளே பாருங்கள். தெருமுனைப் பிள்ளையாரைக் கடக்கும்போது பத்துக் கைகள் நெற்றிக்குப் போகும். கீழவெளி வீதியில் மரியன்னை பேராலயம் வந்தால் நாலைந்து கைகள் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று ஒரு ரவுண்டு போய்வரும். செல்போனில் மச்சானைத் திட்டிக்கொண்டிருப்பவர்கூட, திட்டை நிறுத்தாமலே ஒரு கும்பிடு போட்டுவிடுவார். அந்தத் திட்டு தனக்கில்லை என்று சாமிக்கும் தெரியும்.

என் சித்தப்பா இந்தக் கலையில் டாக்டர் பட்டம் வாங்கத் தகுதியானவர். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று செருப்பிலிருந்து காலை உருவினார், படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்தக் கோயிலடா இது என்று எட்டிப் பார்த்தேன். புதிதாகத் திறந்த நகைக்கடை. வாசலில் தெர்மாகோலில் கோபுரம் எழுப்பி சீரியல் லைட் போட்டிருந்தார்கள்.

"சித்தப்பா, அது நகைக்கடை."

"தெரியும்டா. கை போயிருச்சு."

கை போனது சரி, மனசு போனதா? இதையெல்லாம் நம்பிக் கும்பிடுகிறோமா, கும்பிட்டுப் பழகிவிட்டதால் கும்பிடுகிறோமா? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டு அடுப்படிப் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள், தோசைக்கரண்டி பறந்து வரும். 400 வருஷத்துக்கு முன்னால் இதே மதுரையில் இரண்டு பாதிரிமார்கள் இதைக் கேட்டுக்கொண்டு முட்டி மோதினார்கள். மோதல் கோவாவுக்குப் போனது, லிஸ்பனுக்குப் போனது, கடைசியில் ரோமில் போப்பாண்டவர் மேஜையிலேயே போய் விழுந்தது. கிட்டத்தட்ட 13 வருஷம்! அப்படி என்ன தலைபோகிற கேஸ்? கடவுள் உண்டா, இல்லையா? அதெல்லாம் இல்லை சார். கிறிஸ்தவரான மதுரைக்காரர் ஒருவர் தலையில் குடுமி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?

வாதி, கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்த்துகீசியர். சிப்பாயாக இருந்துவிட்டுப் பிறகு ஏசு சபையில் சேர்ந்தவர். 1595இலிருந்து மதுரை டியூட்டி. ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஒரு வைத்தியசாலை நடத்தினார். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்கு வரும் பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். தங்கமான மனிதர்தான். ஆனால் மதுரைக்காரர்களில் எத்தனை பேரைக் கிறிஸ்தவர் ஆக்கினார் என்று கணக்குப் பார்த்தால், 11 வருஷத்தில் ஒரு ஆள்கூட இல்லை என்று ஏசு சபைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு சேல்ஸ் ரெப் 11 வாரம் இப்படி ஓட்டிவிட முடியுமா?

காரணம் ஒரே ஒரு சொல். பறங்கி. அந்தக் காலத்து மதுரைக்காரர் அகராதியில் பறங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், சாராயம் குடிப்பவன், தோல் செருப்போடு வீட்டுக்குள் வருபவன், இதெல்லாவற்றையும்விட முக்கியமாக, தினமும் குளிக்காதவன். இதில் கொடுமை என்ன தெரியுமா? மதம் மாற வருகிறவரிடம் அன்றைய பாதிரிமார்கள் கேட்ட கேள்வியே, "பறங்கிக் குலத்தில் சேர உனக்குச் சம்மதமா?" என்கிற அர்த்தத்தில்தான் இருந்தது. அது வசவு என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஏதோ நம் நாட்டின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மோட்சம் கிடைக்கும், ஆனால் குளியல் கட் என்றால் எந்த மதுரைக்காரன் கையெழுத்துப் போடுவான்?

இந்த நிலைமையில் 1606 நவம்பரில் வந்து இறங்கினார் பிரதிவாதி. ராபர்ட் தெ நொபிலி. வயசு 29. ரோமில் பிறந்த இத்தாலியர், பெரிய இடத்துப் பிள்ளை. போப்பாண்டவர்கள் இரண்டு பேர் உறவு, கர்தினால் பெல்லார்மின் சொந்தக்காரர். குடும்பத்தின் மூலபுருஷர் மூன்றாம் ஓட்டோ சக்கரவர்த்தி என்று வீட்டில் பெருமை பேசுவார்களாம். அந்த ஓட்டோ கல்யாணமே ஆகாமல் 21 வயசில் 1002ஆம் வருஷம் கண்ணை மூடிவிட்டவர். சரி, விடுங்கள். நம்மூரில் எத்தனை பேருடைய கல்யாணப் பத்திரிகையில் சேர சோழ பாண்டியர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், நாம் ரசீதா கேட்கிறோம்?

நொபிலி வந்ததும் நிலைமையைப் பார்த்தார், ஒரு கணக்குப் போட்டார். இவர்களுக்கு நம் சாமி மேல் கோபமில்லை. நம் செருப்பு மேல்தான் கோபம்.

அதற்குப் பிறகு நடந்தது பாருங்கள், அதை இன்றைய விளம்பரக் கம்பெனிகள் கேட்டால் காலில் விழும். கறுப்பு அங்கி போனது, காவி வந்தது. தோல் செருப்புக்குப் பதில் பாதக்கட்டை. நெற்றியில் சதுரமாகச் சந்தனம். மாமிசம், மீன், முட்டை, மது எல்லாவற்றுக்கும் முழுக்கு. ஒருவேளைச் சோறு, அதையும் சமைக்க ஒரு பிராமணர். சில காலம் தோளில் ஒரு பூணூலும் தொங்கியது. அதில் ஐந்து இழை. மூன்று பொன்னிழை, திரியேக தேவனுக்கு. இரண்டு வெள்ளை இழை, கிறிஸ்துவின் உடலுக்கும் ஆன்மாவுக்கும். நுனியில் சிலுவை. ஆவணி அவிட்டத்துக்கு என்ன செய்தார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

பெயரும் மாறியது, தத்துவ போதகர். முதலில் ரோமாபுரி ராஜ குலம் என்றார். அது அவ்வளவாக எடுபடவில்லை என்று தெரிந்ததும், ரோமாபுரி ஐயர். ராஜா போஸ்ட்டைவிட ஐயர் போஸ்ட்டுக்கு மதுரையில் மார்க்கெட் அதிகம் என்பதை ஒரு இத்தாலியர் இரண்டே வருஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். (இன்றும் தென் மாவட்டங்களில் சி.எஸ்.ஐ. போதகரை "ஐயர்" என்றும் அவர் மனைவியை "ஐயரம்மா" என்றும் அழைப்பார்கள். நொபிலி கத்தோலிக்கர், அவர்கள் சீர்திருத்த சபை. பதவி மட்டும் வேலி தாண்டிப் போய்விட்டது.)

அடுத்த வேலை, பெர்னாண்டஸ் வீட்டிலிருந்து மூட்டையைக் கட்டியது. பிராமணர்கள் இருக்கும் பகுதியில் தனிக் குடிசை. பறங்கியோடு ஒரே கூரைக்கு அடியில் சாப்பிட்டால் போட்ட வேஷமெல்லாம் வீண். 65 வயசு பெர்னாண்டஸ், தன் பேரன் வயசுப் பையன் கையலம்பிக்கொண்டு வெளியேறுவதை வாசலில் நின்று பார்த்தார். ஊரில் யாரோ இவனும் பறங்கிதான் என்று கிளப்பிவிட, நொபிலி தன் வாசலில் ஒரு ஓலையைத் தொங்கவிட்டார். நான் பறங்கி இல்லை, பறங்கி நாட்டில் பிறந்தவனும் இல்லை, எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது, ரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தவன் என்று அதில் சத்தியம். பூகோளப்படி அத்தனையும் உண்மை. பக்கத்துத் தெருவில் இருந்த பெர்னாண்டஸுக்கு அதைப் படித்தபோது வயிறு எப்படி எரிந்திருக்கும்!

எரிந்தது, பேனா எடுத்தார். 1610இல் மேலதிகாரிக்கு ஒரு கம்ப்ளெயிண்ட். படிக்கும்போது சிரிப்பு வந்தாலும் பாவமாகவும் இருக்கிறது. இந்த ஆள் சந்நியாசி வேஷம் போடுகிறார், நம்மோடு சாப்பிடுவதில்லை, அவருடைய கிறிஸ்தவர்களுக்கும் என்னுடைய கிறிஸ்தவர்களுக்கும் ஒரே மதம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசிக் குற்றச்சாட்டு மட்டும் பொய்யே இல்லை.

இதற்கு நடுவில் நொபிலிக்கு சிவதர்மர் என்று ஒரு தெலுங்கு பிராமணர் கிடைத்தார். சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். வேதத்தை அந்நியருக்குச் சொல்லிக்கொடுத்தது தெரிந்தால் கண் போய்விடும் என்ற காலம். அப்படிப்பட்டவர் 1609இல் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் வாங்கச் சம்மதித்தார். கிறிஸ்து சரி, திருச்சபை சரி, எல்லாம் சரி. குடுமியில் மட்டும் கையை வைக்காதீர்கள். பூணூலையும் தொடாதீர்கள்.

இங்கேதான் கேஸ் சூடு பிடிக்கிறது. பெர்னாண்டஸ் கட்சி சொன்னது: பூணூல் மந்திரம் சொல்லிப் போடுவது, குடுமி சடங்கு செய்து வைப்பது. அதைத் தலையில் வைத்துக்கொண்டே ஒருவன் எப்படிக் கிறிஸ்தவன் ஆவான்? நொபிலி கட்சி சொன்னது: பூணூல் ஜாதி அடையாளம், மத அடையாளம் இல்லை. சிவனைக் கும்பிடுகிறவர், விஷ்ணுவைக் கும்பிடுகிறவர், ரெண்டு பேரையும் ஒத்துக்கொள்ளாதவர் என எல்லாரும் அதே பூணூலைத்தான் போடுகிறார்கள். அப்புறம் அது எந்த மதத்தின் சின்னம்? குடுமி அந்தஸ்து. சந்தனம் அலங்காரம், வாசனை. குளிப்பது, ஐயா, குளிப்பதற்காக! 1613இல் மனுவையும் இன்னும் பல நூல்களையும் மேற்கோள் காட்டி லத்தீனில் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். மனுதர்மத்தை ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் டிஃபென்ஸ் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியது உலகில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

பெர்னாண்டஸ் சும்மா இருப்பாரா? 11 வருஷம் ஒருவரையும் அசைக்க முடியாத அந்த முன்னாள் சிப்பாய், 75 வயசில் ஆராய்ச்சியில் இறங்கினார். உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு உபநயனம், கல்யாணம், கருமாதி என்று ஒவ்வொரு சடங்காகத் தோண்டி, 1616இல் மதுரையில் உட்கார்ந்து போர்த்துகீசிய மொழியில் ஒரு பெரிய ஏடு எழுதி முடித்தார். நோக்கம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நூலிழையிலும் மதம் இருக்கிறது என்று நிரூபித்து நொபிலியைக் கவிழ்ப்பது. அந்த ஏடு 1973இல் லிஸ்பனில் அச்சாகிவிட்டது. எதிராளியைத் தோற்கடிக்க எழுதியது, இன்று மதுரைச் சடங்குகளின் ஆவணமாக நிற்கிறது. பகையாளியின் குடுமியைப் பிடிக்கப் போனவர் அதை முடி முடியாக எண்ணி எழுதிவிட்டார்!

யார் சொன்னது சரி? என்னைக் கேட்டால், குடுமிக்காரரைக் கேளுங்கள் என்பேன். அவரைத்தான் இந்த 13 வருஷத்தில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? "எங்கப்பா வச்சிருந்தாரு, நானும் வச்சிருக்கேன்." வழக்கு அன்றைக்கே தள்ளுபடி.

வதந்திக்கு மட்டும் அன்றும் இன்றும் 5ஜி வேகம். மதுரைக்குப் போன பையன் இந்துவாகவே மாறிவிட்டான் என்று ரோமில் செய்தி பரவ, பெல்லார்மின் மனம் உடைந்து கடிதம் எழுதினார். எங்கள் தெருப் பையன் அமெரிக்கா போய்ப் பீட்சா சாப்பிடும் போட்டோவைப் பார்த்து அவன் பாட்டி மூன்று நாள் மூக்கைச் சிந்தியது ஞாபகம் வருகிறது. நொபிலி விளக்கம் எழுதிய பிறகு பெரியவர் சமாதானமாகிவிட்டார். பாட்டி இன்னும் ஆகவில்லை.

1619 பிப்ரவரியில் கோவாவில் பஞ்சாயத்து. பேராயர், விசாரணை மன்றத்தார், இறையியல் நிபுணர்கள் எல்லாரும் கூடினார்கள். நொபிலி காவி உடையில் போய் நின்றார். போர்த்துகீசியர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் பெரும்பாலோர் பேராயர் பக்கம், அதாவது குடுமிக்கு எதிர்ப்பக்கம். விசாரணை மன்றத்து அல்மெய்தாவோ, நொபிலி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். முடிவாகாமல் ஃபைல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது.

ரோமில் அதை ஆராய்ந்த குழுவில் முக்கியமானவர் பீட்டர் லொம்பார்டு. அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்குப் பேராயர். பதவிக்கு வந்து 20 வருஷம் தாண்டியும் தன் ஆர்மாவில் பேராயராக ஒரு தடவை காலடி வைத்ததில்லை, ரோமிலேயே இருந்தார். 1616இல் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்து முட்டாள்தனம் என்று முடிவு சொன்ன நிபுணர் குழுவில் முதல் கையெழுத்து இவருடையது. அந்த முடிவைக் கலிலியோவைக் கூப்பிட்டு எடுத்துச் சொன்னவர், நம்ம பெல்லார்மின். பூமி நகர்வதை அனுமதிக்காத அதே லொம்பார்டு, மதுரைக் குடுமியை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தார். தான் பேராயரான ஊரைப் போய்ப் பார்க்காதவர், பார்க்காத ஊர்க் குடுமியைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

1623 ஜனவரி 31. போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு எழுதினார். பூணூல் போடலாம், ஆனால் பழசை எரித்துவிட்டு, பாதிரியார் தீர்த்தம் தெளித்து ஜெபித்துக் கொடுக்கும் புதுசைத்தான் போட வேண்டும். குடுமி வைக்கலாம். சந்தனம் பூசலாம், அழகுக்காக. குளிக்கலாம், உடம்பு சுத்தத்துக்காக மட்டும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். மதுரை வெயிலில் ஒருவர் காலையில் தலைக்கு ஊற்றிக்கொள்ள ரோமிலிருந்து பர்மிஷன் வந்திருக்கிறது, அதுவும் கண்டிஷனோடு! செம்பைத் தூக்கி "சொக்கநாதா" என்று ஊற்றினால் பாவம், "அப்பாடா" என்று ஊற்றினால் பரவாயில்லை. கிணற்றடியில் இதை எந்த இன்ஸ்பெக்டர் நின்று செக் பண்ணுவார்? இரண்டுக்கும் நனைவது அதே தலைதான்.

அதே 1623இல்தான் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தார். அவர் வழி தனி வழி. கமிட்டி கிடையாது, லத்தீன் கிடையாது. மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு நகர்த்தி, தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்குத் திருப்பி, இரண்டையும் ஒரே திருவிழாவாகக் கோத்தது அவர்தான் என்பது மதுரை வழக்கு. விளைவு? தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பிய அழகர் லேட்டாக வந்து, தாலி கட்டி முடிந்துவிட்டது தெரிந்து, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குப் போய்விடுகிறார் என்று ஊரே சொல்கிறது. ராஜா காலண்டரில் செய்த ஒரு அட்ஜஸ்ட்மென்ட், எல்லார் வீட்டிலும் நடக்கிற கல்யாணக் கோபமாகிவிட்டது. இவ்வளவும் தெரிந்த நான் தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்க்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வது ஏன் என்று கேட்காதீர்கள். கண் போயிருச்சு.

நொபிலிக்கு வருவோம். ஜெயித்துவிட்டார். தமிழில் எழுதித் தள்ளினார். ஞானோபதேசம், தூஷண திக்காரம், ஆத்தும நிர்ணயம் என்று தலைப்பைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். ஆனால் அவர் போட்ட சில சொற்கள் லேசுப்பட்டவை அல்ல. அதுவரை திருப்பலிக்குப் போர்த்துகீசியர் சொன்ன "மிஸ்ஸா" தமிழ்க் காதில் கிட்டத்தட்ட "மீசை" என்று விழும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீசைக்கு வர வேண்டும் என்று சாமியார் சொன்னால் ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்! நொபிலி அதைப் பூசை என்றார். வேதம், குரு, கோவில், பிரசாதம் எல்லாம் உள்ளே வந்தன. இன்றும் எங்கள் பக்கத்து வீட்டு அன்னம்மா டீச்சர் காலையில் "பூசைக்குப் போயிட்டு வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கிராமத்தில் கிறிஸ்தவர்களுக்கே "வேதக்காரங்க" என்றுதான் பெயர். ரிக், யஜுர், சாமம் எல்லாம் ஓதுகிறவர் வேதக்காரர் இல்லையாம். அவர் வெறும் ஐயர்.

பழக்கம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. குடுமி உள்ளே வந்தபோது, குடுமிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசையும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. போப்பாண்டவர் தீர்ப்பிலேயே, மேல்குலத்தார் எளியவர்களை இளக்காரமாக நினைக்கக் கூடாது என்று கெஞ்சியிருந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் யாரோ கப்பலில் வைத்து மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சந்நியாசிப் பாதிரியார் தாழ்த்தப்பட்டவரை வெளிப்படையாகத் தொட முடியாது, தொட்டால் மேல்சாதியார் வர மாட்டார்கள். அதனால் 1640இல் பண்டாரசாமி என்று இன்னொரு ரகம் கொண்டுவந்தார்கள். முதல் பண்டாரசாமி பல்தசார் தா கோஸ்தா. ஒரே சாமி, ஒரே சபை, பாதிரியாரில் ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ்.

அந்த வரிசை எவ்வளவு தூரம் போனது என்று பார்க்க நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் போக வேண்டும். 1872இல் அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால் மாதிரி இரண்டு நீண்ட கூடம், நடுவில் சுவர். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் இன்னொரு சாதி. எல்லாருக்கும் ஒரே அப்பம், ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம். 1910இல் சுவரை இடித்தார்கள். உடனே ஒரு தரப்பு கோர்ட்டுக்கு ஓடியது. சென்னை ஐகோர்ட் வரை போய்த் தோற்றார்கள். அவர்கள் வாதம் என்ன தெரியுமா? "இது எங்கள் பழக்கம்." நொபிலி லத்தீனில் எழுதிய அதே வாதம்தான், இந்தத் தடவை பின்பக்கமாக வந்தது.

ரோமும் தன் முடிவில் நிற்கவில்லை. 1703இல் தூர்னோன் என்ற பிரமுகர் போப்பின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வந்தார். வந்த மனுஷருக்கு உடம்பு சரியில்லை. எட்டு மாசத்தில் பெரும்பகுதி படுக்கையில். மதுரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே இரண்டு பாதிரிமார்களை விசாரித்து 1704இல் ஒரு தடைப் பட்டியல் போட்டார். பிள்ளையார் போட்ட தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் வயசுக்கு வந்ததைக் கொண்டாடக் கூடாது. இதோடு விட்டாரா? இனிமேல் ஞானஸ்நானத்தில் எச்சிலைத் தவிர்க்கக் கூடாது.

ஆமாம், எச்சில். அந்தக் காலத்து ஞானஸ்நானத்தில் பாதிரியார் தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் தடவுவார். ஏசுநாதர் செவிடன் ஒருவனைக் குணப்படுத்திய கதையிலிருந்து வந்த சடங்கு. மதுரைப் பாதிரிமார்கள் புத்திசாலிகள், சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டார்கள். டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற ஊர் இது. பக்கத்தில் உட்கார்ந்தவன் இலையில் கை பட்டால் எழுந்து கை கழுவுகிற ஊர். இங்கே வந்து, "அம்மா, குழந்தையைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று ஒருவர் விரலை வாயில் வைத்து எடுத்தால், தாய்க்காரி மோட்சமே வேண்டாம் என்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டாளா? எது பக்தி, எது பழக்கம் என்று நமக்கு வகுப்பெடுத்தவர்களுக்குத் தங்கள் எச்சில் மட்டும் பழக்கமாகத் தெரியவில்லை.

1744இல் இன்னொரு போப்பாண்டவர், பதினான்காம் பெனடிக்ட், தடைகளை உறுதிசெய்து, இங்கே வேலைக்கு வரும் ஒவ்வொரு பாதிரியாரும் இதை மீற மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார். கிட்டத்தட்ட 200 வருஷம் செய்தார்கள். 1940இல், போதும், இனி சத்தியம் வேண்டாம் என்று ரோம் சொல்லிவிட்டது. யாருக்கும் பெரிய அதிர்ச்சி இல்லை. தாலியில் பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையோ புறாவோ எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்துபோய் மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தியம் செய்தவர்கள் பாதிரிமார்கள். ஜனங்களிடம் யார் சத்தியம் வாங்கினார்கள்?

அதற்குச் சில மாசம் முன்னால், 1939 ஜூலை 8ஆம் தேதி, மதுரைக் காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சிலரைக் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். தாழ்த்தப்பட்ட சகோதரர்கள், நாடார் ஒருவர். அர்ச்சகர்கள் பலர் இனி வேலைக்கு வர மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். வைதிகர்கள் ஒருபடி மேலே போய், தமிழ்ச் சங்கம் ரோட்டில் ஒரு பங்களாவில் குட்டியாக ஒரு மீனாட்சி கோயிலையே அமைத்துப் பூஜை நடத்தினார்கள். இத்தனை நூற்றாண்டு கருவறையில் இருக்கிறாள் என்று சத்தியம் செய்தவர்கள், ஒரே சாயங்காலத்தில் அவளுக்கு வீடு மாற்றிவிட்டார்கள். சில வருஷம் கழித்து எல்லாரும் பழைய கோயிலுக்கே திரும்பி வந்தார்கள். மீனாட்சி ஒன்றும் கேட்கவில்லை. எங்கேயும் போகாதவள், வந்தவனை என்ன கேட்பாள்?

இவ்வளவு கலாட்டாவையும் ஆரம்பித்துவைத்த ரோமாபுரி ஐயர் கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார் என்று சொல்லவில்லையே. மயிலாப்பூர். அன்றைக்கு அது போர்த்துகீசியர் கொடி பறக்கிற ஊர். அவரைப் பறங்கி என்று சொல்ல அங்கே ஆளே கிடையாது, இருந்தவர்களெல்லாம் பறங்கிகள். யாரையும் மதம் மாற்ற வேண்டாம், யாரிடமும் வேஷம் காட்ட வேண்டாம். ரொட்டி கிடைக்கும், கோழி கிடைக்கும், லிஸ்பன் வைன்கூடக் கிடைத்திருக்கும். வயசு 78. பார்வை அநேகமாகப் போய்விட்டது.

கிழவர் ஊருக்கு வெளியே ஒரு மண் குடிசையில் இருந்தார். கூட நாலைந்து பிராமணக் கிறிஸ்தவர்கள். ஒருவேளைச் சாப்பாடு, வேகவைத்த கசப்புக் கீரை. 1656 ஜனவரி 16ஆம் தேதி சாகிற வரைக்கும் அதுதான். ஊருக்குள்ளிருந்த பாதிரிமார்கள் பண்டிகைக்காவது சாப்பிட வாருங்களேன் என்று கூப்பிட்டுத்தான் இருப்பார்கள். கிழவர், இலை போடுவார்களா என்று கேட்டிருப்பார்.